திறந்த கதவுக்குப் பச்சை விளக்கு

எந்திரத்தின் கதவுச் சுவிட்சை விரலால் அமுக்கினான், டிக் என்றது. விட்டான், மறுபடி டிக் என்றது. அமுக்கினால் கட்டுப்பாட்டுப் பலகையில் பச்சை விளக்கு எரிந்தது, விட்டால் அணைந்தது. கதவை மூடிப் பார்த்தான், மெல்லத் திறந்து பார்த்தான், வெடுக்கென்று இழுத்துப் பார்த்தான். எப்படித் திறந்தாலும் விளக்கு அணைந்தது. விளக்கு அணைந்தால் மோட்டாருக்கு மின்சாரம் போகாது, கத்தி சுற்றாது. அப்படியிருக்க, அன்று காலை இதே கதவு விரியத் திறந்து கிடந்தபோது கத்தி எப்படிச் சுற்றியது? சுற்றிய கத்தி அவனுடைய அண்ணியின் மோதிரவிரல் நுனியைக் கையுறையோடு சீவிவிட்டிருந்தது.

தொழிற்சாலையில் மின்வேலை பார்ப்பவன் அவன். சட்டைப்பையில் எந்நேரமும் டெஸ்டர் குத்தியிருப்பதால் அங்கே அவனுக்குப் பெயரே டெஸ்டர். அண்ணி அதே தொழிற்சாலையில் மெழுகுவத்தி எந்திரத்தில் வேலை செய்தாள்.

அந்த எந்திரத்தை ஒரு பெரிய பற்பசைக் குழாய் என்று நினைத்துக்கொள்ளலாம். பின்னாலிருந்து ஒரு தண்டு அழுத்த, சூடான வாய் வழியாக மெழுகு நீண்ட கம்பாக வெளியே வரும். நடுவில் திரியும் கூடவே வரும். வாய்க்கு எதிரே சுற்றும் கத்தி அதை அளவாக நறுக்கிக்கொண்டே இருக்கும். கத்தியைச் சுற்றி ஓர் இரும்புப் பெட்டி, பெட்டிக்கு ஒரு கதவு. வேலை முடிந்து எந்திரம் ஆறியதும் வாயில் மிச்சமிருக்கும் மெழுகு கட்டையாக இறுகிவிடும். மறுநாள் காலையில் ஹீட்டரைப் போட்டு, வாய் கொஞ்சம் சூடானதும் கதவைத் திறந்து அந்தக் கட்டையைப் பிடுங்கிப் போட்டால்தான் வேலை தொடங்கும். அது அண்ணியின் பொறுப்பு. மொத்த மின்சாரத்தையும் நிறுத்திவிட்டுக் கையை விடலாம்தான். ஆனால் ஹீட்டரும் அதோடு நின்றுபோகும், கட்டை இளகாது. அதனால் எல்லோரும் கதவுச் சுவிட்சை நம்பினார்கள். கதவு திறந்திருந்தால் கத்தி சுற்றாது என்று அவர்களுக்குச் சொன்னவன் டெஸ்டர். சுவிட்சை மாட்டியவனும் அவன்தான்.

பலகையில் நின்றவனுக்கு ரேடியோ என்று பெயர். வாய் ஓயாத ஆள். பலகை எந்திரத்தின் மறுபக்கம் இருந்ததால் அங்கிருந்து கதவு தெரியாது. பச்சை எரிந்தால் கதவு மூடியிருக்கிறது, ஆள் விலகியாயிற்று என்று அர்த்தம். அன்று காலை பச்சை எரிந்தது. கத்தியைக் கிளப்பும் பொத்தானைத் தட்டினான். அதற்கப்புறம் ரேடியோ பேசுவதையே நிறுத்திவிட்டான்.

அன்று மாலை மேலாளர் டெஸ்டரைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். அண்ணியும் அங்கே இருந்தாள், ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து, கட்டுப்போட்ட வலது கையை மடியில் வைத்தபடி நாற்காலி நுனியில். மேலாளர் சத்தம் போடுகிற ரகம் அல்ல. ஆனால் ஒரு விஷயத்தில் கறாரானவர். போன வருடம் பொட்டலம் கட்டும் எந்திரத்தில் ஒருவர், கதவைத் திறந்து மூட அலுத்துப்போய், சுவிட்சை டேப்பால் சுற்றி அமுக்கி வைத்துவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். அவரை அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். அதிலிருந்து, சுவிட்சை ஏமாற்றினால் வேலை போகும் என்பது அங்கே சட்டம்.

சுவிட்சில் கோளாறா என்று மேலாளர் கேட்டார். இல்லை என்றான் டெஸ்டர். சோதித்தவரையில் அது உண்மை. அப்படியானால் திறந்த கதவோடு எப்படி ஓடியது என்று கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். மாட்டியவனே தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

"யாராவது அமுக்கிப் பிடிச்சாத்தான் மேடம் ஓடும்" என்றான்.

அதைச் சொல்லும்போது அவன் பார்வை சுவரில் தொங்கிய தீயணைப்புக் கருவியின் மேல் இருந்தது. அண்ணி, தான் அதைத் தொடவில்லை என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். வார முடிவில் முடிவு சொல்வதாகவும் அதுவரை வீட்டில் இருக்கும்படியும் மேலாளர் அவளிடம் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார்.

டெஸ்டர் இருந்தது அண்ணன் வீட்டில். கல்யாணம் ஆகும்வரை தனியாக எதற்குச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு கிடக்கிறாய் என்று சொல்லி, மாடி அறையில் இருந்த தட்டுமுட்டுச் சாமான்களை ஒழித்து அவனுக்குக் கொடுத்தவள் அண்ணி. அன்று அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது அண்ணன் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தான். அண்ணன் பஸ் டிரைவர். பின்னல் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போயிற்று.

"ஆடாம இரு" என்று அதட்டினான் அண்ணன். "பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கறது இதைவிட சுலபம்."

"உங்க பஸ்ஸுக்கு இவ்வளவு முடி கிடையாது" என்றாள் அண்ணி.

டெஸ்டருக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, மாடிக்குப் போகவும் முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்ததும் அண்ணன் அந்தப் பேச்சை எடுத்தான். விரல் போனதைக்கூட அவன் பொறுத்துக்கொண்டான். பழி போட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"எவனோ ஒருத்தன் மேடம்கிட்ட சொல்லியிருக்கான், அமுக்கிப் பிடிச்சாத்தான் ஓடும்னு. அப்படின்னா இவதான் பிடிச்சான்னு அர்த்தம். எவன்டா அவன்? உனக்குத் தெரியுமா?"

அண்ணி இடது கையால் பரிமாறிக்கொண்டிருந்தாள். கரண்டி ஒரு நொடி அந்தரத்தில் நின்றது.

"தெரியலண்ணே" என்றான் டெஸ்டர்.

கரண்டி இறங்கி வந்து அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டது. சாப்பிடும்போது அந்தப் பேச்சு எதற்கு என்று அண்ணி கணவனை அடக்கினாள். அவளுக்குத் தெரியும், சொல்லவில்லை. அண்ணன் எழுந்து போனபின், பாத்திரம் கழுவ அவன் போய் நின்றபோதுதான் அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"சொன்னதுகூடப் பரவால்ல தம்பி. என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லியிருக்கலாம்."

அந்த வாரம் முழுக்க அவன் சுவிட்சை விடவில்லை. மதிய இடைவேளையில் மட்டுமே எந்திரத்தை அவன் கையில் விடுவார்கள். மற்ற நேரத்தில் நிறுத்தினால் உற்பத்தி கெடும். அவனுக்கும் காலையில் கம்ப்ரசர் அறையில் வேலை இருக்கும். எனவே தினமும் மதியம் வந்து சோதித்தான். மூடியைக் கழற்றித் தொடர்புகளைப் பார்த்தான், புதுசாக மின்னின. ஒயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். எங்காவது அதிர்வில் ஒட்டிக்கொள்கிறதோ என்று சட்டத்தை மரச் சுத்தியலால் தட்டினான். ஒன்றும் இல்லை. கதவைத் திறந்தால் விளக்கு அணைந்தது. சுவிட்ச் ஒழுங்காக வேலை செய்த ஒவ்வொரு தடவையும் அண்ணியின் மேல் பழி இன்னொரு சுற்று இறுகியது. இறுக்கியது தன் கைதான் என்பது அவனுக்குத் தெரிந்தே இருந்தது. வீட்டில் அவள் வழக்கம்போல டீ போட்டுக் கொடுத்தாள். வாங்கும்போது அவன் டம்ளரைப் பார்த்தான், கட்டைப் பார்த்தான், முகத்தைப் பார்க்கவில்லை.

முடிவு சொல்ல வேண்டிய நாள் வந்தது. இன்னொரு காலை அவளெதிரே உட்கார்ந்து சாப்பிட அவனால் முடியாது என்று தோன்றியது. வீட்டில் யாரும் எழுவதற்கு முன்னால் குளித்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினான். காவலாளி வாயில் கதவைத் திறந்துவிட்டு, கடிகாரம் ஏதும் ஓடிவிட்டதா என்று கேலி செய்தார். மெழுகுக் கூடம் சில்லென்று இருந்தது. ஹீட்டர்கள் இன்னும் போடப்படவில்லை. அந்த நேரத்தில் அந்த எந்திரத்தை அவன் பார்த்ததே இல்லை.

பழக்கத்தில் பலகைக்கு மின்சாரம் கொடுத்தான். பச்சை எரிந்தது, கதவு மூடியிருந்தது, சரி. நடந்து சுற்றி வந்து கதவைத் திறந்தான்.

டிக் சத்தம் வரவில்லை.

இன்னும் அகலமாகத் திறந்தான். எட்டிப் பலகையைப் பார்த்தான். பச்சை எரிந்துகொண்டே இருந்தது. குனிந்து பார்த்தபோது சுவிட்சின் ஊசி உள்ளே போனபடியே நின்றது. அதை அமுக்க அங்கே யாரும் இல்லை, எதுவும் இல்லை. விரல் நகத்தால் ஊசியைச் சுற்றித் தடவினான். வழவழவென்று ஒரு வளையம் தட்டுப்பட்டது. வெள்ளை எஃகின் மேல் வெள்ளை மெழுகு. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும்.

எல்லாம் அவனுக்கு ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. வாசலில் இருக்கும் மணிப் பொத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். அமுக்கினால் மணி அடிக்கிறது, விட்டால் நிற்கிறது. விட்டதும் பொத்தானை வெளியே தள்ளுவது யார்? உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங். டெஸ்டர் கதவுச் சுவிட்சை அப்படித்தான் மாட்டியிருந்தான்: மூடிய கதவின் ஓரம் ஊசியை அமுக்கிக்கொண்டிருக்கும், தொடர்பு சேர்ந்திருக்கும், எந்திரம் ஓடலாம். கதவைத் திறந்தால் ஸ்பிரிங் ஊசியை வெளியே தள்ளும், தொடர்பு விலகும், எந்திரம் நிற்கும். ஆக, ஒரு மனிதக் கை பிழைப்பது பேனா ஸ்பிரிங் அளவு கம்பிச்சுருளின் பலத்தில் இருந்தது. பகலெல்லாம் பறக்கும் மெழுகுத் தூள் சூட்டில் இளகி ஊசி ஓரமாக உள்ளே இறங்குகிறது. வேலை முடிந்ததும் கதவை மூடிவிட்டுப் போகிறார்கள். ஊசி உள்ளே போன நிலையிலேயே எல்லாம் ஆறி இறுகுகிறது. காலையில் வாய் சூடானாலும் சட்டம் குளிர்ந்தே இருக்கிறது, கதவு திறக்கிறது, ஸ்பிரிங் தள்ளுகிறது, மெழுகு விடுவதில்லை. மதியத்துக்குள் சட்டமெல்லாம் சூடேறி, மெழுகு எண்ணெய்போல் ஆகி, ஊசி ஒன்றும் அறியாததுபோல் வெளியே வந்துவிடுகிறது. அப்போதுதான் டெஸ்டர் வருகிறான், சோதிக்கிறான், நன்றாக இருக்கிறது என்கிறான்.

அவன் நகம் இன்னும் அந்த வளையத்தின் மேல்தான் இருந்தது. ஒரு சுரண்டு போதும். சுரண்டிவிட்டு, நல்ல ரப்பர் உறை ஒன்றைப் போட்டு மூடிவிட்டால் இனி ஒட்டாது. யாருக்கும் தெரியவும் தெரியாது. அந்த எண்ணம் வந்தது, கொஞ்ச நேரம் இருக்கவும் செய்தது. அதை நினைத்துத்தான் பிற்பாடு அவன் மிகவும் கூசினான். கையை எடுத்துப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

ரேடியோ வந்து ஹீட்டர் கைப்பிடியில் கை வைத்தபோது டெஸ்டர் தடுத்தான்.

"ஹீட்டரைப் போடாதே. மேடத்தைக் கூட்டிட்டு வா."

"போடலைன்னா மேடம் என்னை வெளியே போட்டுடுவாங்க" என்றான் ரேடியோ. பல நாளுக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம் அதுதான். பிறகு அவனும் திறந்த கதவையும் எரியும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தான். கைப்பிடியை விட்டுவிட்டு ஓடினான்.

மேலாளர் வந்தார். அவரோடு காலை ஆட்கள் எல்லோரும் வந்து கூடிவிட்டார்கள். டெஸ்டர் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கதவு விரியத் திறந்திருக்க, பொத்தானைத் தானே தட்டினான். கத்தி சுற்றியது. வெறும் காற்றை வெட்டும் அந்தச் சத்தத்தைக் கேட்டு யாரோ பின்னால் நகர்ந்தார்கள். நிறுத்தினான். பிறகு ஹீட்டரைப் போடச் சொல்லி, யாரும் சுவிட்சைத் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அத்தனை பேரும் நின்று பார்த்தார்கள். வேலை நேரத்தில் சும்மா நிற்பது சிலருக்குப் பிடித்திருந்தது. மெழுகு உருகும் வாசனை எழுந்தது. ரொம்ப நேரம் கழித்து, தொட ஆளில்லாமல், சுவிட்ச் தானாக டிக் என்றது. பச்சை அணைந்தது.

"அன்னிக்கு என்கிட்ட என்ன சொன்னீங்க?" என்று மேலாளர் கேட்டார்.

எல்லோர் முன்னாலும் அவன் அதை மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. யாராவது அமுக்கிப் பிடித்தால்தான் ஓடும் என்று சொன்னதாகச் சொன்னான்.

"யாரு பிடிச்சது?"

"மெழுகு மேடம். சுவிட்ச்ல கோளாறு இல்ல. நான் மாட்டின விதம்தான் கோளாறு."

மேலாளர் அவனைத் திட்டவில்லை. எந்திரத்தைச் சரிசெய்யும்வரை ஓட்டக் கூடாது என்றார். அண்ணியை வேலைக்கு வரச் சொல்லவேண்டும், அதை நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

வீட்டுக்குப் போனபோது அண்ணன் மதிய வண்டிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். அண்ணி வாளியில் இருந்த துணியை இடது கையால் பிழிய முயன்றுகொண்டிருந்தாள். டெஸ்டர் அவளெதிரே போய் நின்று, முகத்தைப் பார்த்து, மெழுகு, ஸ்பிரிங், தான் மாட்டிய விதம் எல்லாவற்றையும் சொன்னான். அண்ணன் பாதியிலேயே பெருமூச்சு விட்டு, அப்படியானால் அந்த எவனோ சொன்னது பொய்தானே என்றான்.

"அந்த எவனோ நான்தான் அண்ணே."

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த அண்ணனின் கை நின்றது. அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்து, இது உனக்குத் தெரியுமா என்று கேட்டான்.

"அந்த ரூம்லதானே நானும் உக்காந்திருந்தேன்" என்றாள் அண்ணி. "அவனா சொல்லட்டும்னு பாத்தேன்."

அண்ணன் மிச்சப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். அதற்கப்புறம் டெஸ்டரிடம் நேராகப் பேசுவதே இல்லை. தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தால்கூட, மோட்டாரை நிறுத்தச் சொல்லு என்று அண்ணியிடம்தான் சொல்வான். பக்கத்தில்தானே நிற்கிறான், நீங்களே சொல்லுங்கள் என்பாள் அவள். சொல்லமாட்டான். டெஸ்டர் போய் நிறுத்துவான்.

சுவிட்சைக் கழற்றியபோது அதன் உடம்பில் ஒரு குறி கண்ணில் பட்டது: வட்டத்துக்குள் ஓர் அம்பு. அந்தக் குறி இருந்தால், ஊசியை வெளியிலிருந்து தள்ளும்போது உள்ளே ஒரு கெட்டியான துண்டு தொடர்பை நேரடியாகப் பிரித்துத் தள்ளும், ஸ்பிரிங்கை நம்பாது என்று பொருள். அதாவது தள்ளினால் நிற்க வேண்டிய சுவிட்சை அவன் தள்ளினால் ஓடும்படி மாட்டியிருந்தான். நல்ல சுவிட்சைத் தேர்ந்தெடுத்துத் தலைகீழாகப் பயன்படுத்தியிருந்தான். அப்படி மாட்டினால், போன வருடம் பொட்டல எந்திரத்தில் நடந்ததுபோல, ஒரு துண்டு டேப்பே அதை ஏமாற்றிவிடும். அண்ணியைச் சந்தேகிக்க இடம் கிடைத்ததும் அதனால்தான். கீல் பக்கம் மாட்டியிருந்தால் அந்தச் சந்தேகமே எழுந்திருக்காது. கீல் பக்கம் இடம் நெருக்கடி, ஒரு தகடு கடைந்து பொருத்த வேண்டும், கைப்பிடிப் பக்கம் துளைகள் தயாராக இருந்தன. அவ்வளவுதான் காரணம்.

இந்த முறை அவசரப்படவில்லை. கதவில் ஒரு சாவி நாக்கு, சட்டத்தில் அது நுழையும் பூட்டுபோன்ற சுவிட்ச் என்று ஒரு வகை உண்டு. இந்தக் கூடத்தில் அந்தத் துவாரமே மெழுகால் அடைத்துக்கொள்ளும். காந்தத்தால் வேலை செய்யும் வகையில் துவாரமே கிடையாது, மெழுகுக்கு நல்லது. ஆனால் வரவழைக்க நாளாகும், அதுவரை எந்திரம் சும்மா கிடக்கும். கையில் இருக்கும் சுவிட்சே போதும், மாட்டும் இடமும் விதமும்தான் மாற வேண்டும் என்று முடிவு செய்தான்.

கதவின் கீல் தண்டில் ஒரு வட்டத் தகட்டைப் பொருத்தினான். தகட்டின் விளிம்பில் ஒரு பள்ளம். சுவிட்ச் ஊசியின் முனையில் ஒரு சின்ன உருளை. கதவு மூடியிருக்கும்போது உருளை பள்ளத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும், தொடர்பு சேர்ந்திருக்கும். கதவு கொஞ்சம் திரும்பினாலும் பள்ளத்தின் விளிம்பு ஏறி வந்து ஊசியை உள்ளே தள்ளித் தொடர்பைப் பிரிக்கும். மெழுகு இறுகிப் பிடித்தாலும் திறப்பவரின் கைபலம் அதைவிடப் பெரிது. உள்ளே போன ஊசி ஒட்டிக்கொண்டால் எந்திரம் ஓடாது, அவனைத் திட்டுவார்கள், அவ்வளவே. தகடு கழன்று விழுந்தால்? அதற்காகப் பழைய இடத்தில், பழைய விதத்தில், ரப்பர் உறையோடு இரண்டாவது சுவிட்ச் ஒன்றையும் வைத்து, இரண்டையும் ஒப்பிடும் ரிலே ஒன்றில் இணைத்தான். ஒன்று மூடியிருக்கிறது என்றும் மற்றது திறந்திருக்கிறது என்றும் சொன்னால் ரிலே எந்திரத்தைக் கிளப்பாது.

பிறகு உருக்கிய மெழுகை எடுத்துக் கீல் பக்கத்துச் சுவிட்சின் ஊசியைச் சுற்றி வேண்டுமென்றே ஊற்றி, கதவை மூடி, ஆற விட்டான். மறுநாள் காலை, ஹீட்டர் போடுவதற்கு முன்னால், எல்லோரும் பார்க்க அண்ணியைத் திறக்கச் சொன்னான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கைப்பிடியை இழுத்தாள். மெழுகு மொறுமொறுவென்று உடைந்தது. ரேடியோ பலகைப் பக்கமிருந்து பச்சை போச்சு என்று குரல் கொடுத்தான், பொத்தானை அமுக்கிப் பார்த்தான், கத்தி அசையவில்லை. இப்போது சுவிட்ச் கீலில் இருக்கிறது. கதவைத் திறக்கும் கையே ஊசியைத் தள்ளித் தொடர்பைப் பிரிக்கிறது. திறந்த கதவோடு எந்திரம் ஓடாது.